சில்லறைக் குற்றமும் வேலை விண்ணப்பமும்

அமெரிக்கச் சட்டம் தவறுகளை மூன்று படிகளில் வைக்கிறது. கொலை, கொள்ளை, தீவைப்பு போன்ற பெருங்குற்றங்களுக்குப் பொதுவாக ஓராண்டுக்கு மேல் சிறை உண்டு. அவற்றுக்குக் கீழே சிறுகுற்றங்கள். கடைசிப் படியில் இருப்பவை நகர விதி மீறல்கள். முதல் இரண்டையும் பெரும்பாலும் மாநிலச் சட்டமன்றம் வகுக்கிறது. மூன்றாவதை அந்தந்த ஊரின் நகர மன்றமே வகுத்துக்கொள்கிறது. முற்றத்தில் புல்லை வெட்டாமல் விடுவது, நாயைக் கயிறில்லாமல் கூட்டிச் செல்வது, மூடிய பிறகும் பூங்காவில் இருப்பது, தெருவில் திறந்த மதுப்புட்டியோடு நிற்பது, அக்கம்பக்கம் தூங்க முடியாதபடி பாட்டு வைப்பது எல்லாம் இதில் அடங்கும். நகர நீதிமன்றத்தில் சில நிமிடங்களில் விசாரணை முடியும். அபராதத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

போனவர் பிறகு ஒரு வேலைக்கு விண்ணப்பிக்கிறார். சட்டத்தை மீறியதற்காக எப்போதேனும் தண்டிக்கப்பட்டதுண்டா என்று படிவம் கேட்கிறது. புல் வளர்ந்ததற்குக் கட்டிய அபராதம் இதில் சேருமா? ஆம் என்று எழுதினால் அடுத்த சுற்றுக்கு அழைப்பு வராமல் போகலாம். இல்லை என்று எழுதிப் பிறகு பதிவு வெளிப்பட்டால், பொய் சொன்னவர் என்று வேலை போகலாம். கேள்வி எல்லா ஊரிலும் ஒன்றாக இருந்தாலும் சட்டம் ஒன்றாக இல்லை. விஸ்கான்சின் மாநிலத்தில் அபராதம் மட்டுமே விதிக்கக்கூடிய செயல் குற்றமே ஆகாது. நியூயார்க்கில் பொது ஒழுங்கைக் குலைத்தல் வெறும் மீறல். வேறு பல மாநிலங்களில் அதுவே சிறுகுற்றம். இந்தக் குழப்பத்துக்கு ஒன்றரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. எது அற்பத் தவறு, எது மனிதரின் நடத்தைக்கே சாட்சி என்பதைப் பல வேளைகளில் தவறின் கனம் தீர்மானிக்கவில்லை. தவறு செய்தவர் யார் என்பதே தீர்மானித்தது.

தொடக்க காலத்தில் நகர விதிக்கும் வேலைக்கும் இருந்த உறவு தலைகீழானது. வேலை இல்லாமல் இருப்பதே குற்றமாக இருந்தது. இங்கிலாந்தின் பழைய ஏழையர் சட்டங்களிலிருந்து, வேலையற்றுத் திரிவோரைத் தண்டிக்கும் விதிகள் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு வந்தன. உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்ததும் தென் மாநிலங்கள் அவற்றைப் புதுக் கூர்மையோடு கையில் எடுத்தன. 1865-இல் லூசியானாவின் ஓபலூசாஸ் என்ற சிற்றூரின் நகர மன்றம் ஒரு விதி போட்டது. விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் எவரும் முதலாளியின் அனுமதி இல்லாமல் ஊருக்குள் வரக் கூடாது. மீறினால் இரண்டரை டாலர் அபராதம், அல்லது தெருவில் இரண்டு நாள் வேலை. இரவு 10 மணிக்குமேல் எழுத்துச் சீட்டில்லாமல் தெருவில் தென்பட்டால் 5 டாலர். அதே ஆண்டில் மிசிசிப்பி மாநிலம் இயற்றிய சட்டப்படி, வேலை இருப்பதற்கான எழுத்துச் சான்று ஜனவரி இரண்டாம் திங்கட்கிழமைக்குள் கறுப்பினத்தவர் கையில் இருக்க வேண்டும். இல்லாதவர் வேலையற்றுத் திரிபவர். விதித்த அபராதத்தை ஐந்து நாளில் கட்டாவிட்டால், கட்டுகிறவரிடம் அவரைக் கூலிக்கு ஒப்படைத்துவிடலாம். அபராதத்தைக் கட்டியவர் பெரும்பாலும் தோட்ட முதலாளி.

தெருவில் யார் எப்படி இருக்கலாம் என்பதை வடக்கத்திய நகரங்களும் வகுத்துவைத்தன. எதிர்ப்பாலினர் உடை அணிவதற்கு ஒஹையோவின் கொலம்பஸ் 1848-இலும், மேற்கே சான்பிரான்சிஸ்கோ 1863-இலும் தடை விதித்தன. உடற்குறை உள்ளவர்கள் பொதுவெளியில் தென்படுவதைத் தடுத்து சிகாகோ 1881-இல் போட்ட விதி 1974 வரை ஏட்டில் இருந்தது. நோக்குதல், நிற்றல், நடத்தல், கூடுதல் எல்லாவற்றுக்கும் ஒரு விதி எண் கிடைத்தது.

அந்தக் காலத்தில் இப்படிக் கட்டிய அபராதம் ஒருவரைத் தொலைதூரம் பின்தொடரவில்லை. ஆலை வாசலில் மேஸ்திரி ஆள் பார்த்து எடுத்தார்; கடையில் தெரிந்தவர் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. ஊர் மாறினால் பழைய ஊரின் நீதிமன்ற ஏடு அங்கேயே கிடந்தது. இந்த நிலையை மாற்றியவை இரண்டு. 1883-இல் வந்த பெண்டில்டன் சட்டம் கூட்டரசின் வேலைகளைக் கட்சிக்காரர் கையிலிருந்து பிடுங்கித் தேர்வுக்குள் கொண்டுவந்தது. தேர்வோடு விண்ணப்பப் படிவமும் வந்தது. 1924-இல் கூட்டரசின் புலனாய்வுத் துறை விரல்ரேகைகளை ஒரே இடத்தில் தொகுக்கத் தொடங்கியது. உள்ளூர்க் காவல் நிலையம் எடுத்த ரேகை வாஷிங்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. படிவத்தில் எழுதியதை அதனோடு ஒத்துப்பார்க்க முடிந்தபோதுதான் அந்தக் கேள்விக்குப் பல் முளைத்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இந்த ஒத்துப்பார்க்கும் வழக்கம் பெருகியது.

விரல்ரேகைத் தொகுப்பு தொடங்கிய அதே பத்தாண்டில் கார் பெருகியது. 1920-இல் பதிவான கார்கள் ஏறத்தாழ 80 லட்சம். 1930-இல் 2 கோடி 30 லட்சம். வேக வரம்பு, நிறுத்துமிடம், சிவப்பு விளக்கு என்று ஒவ்வொரு நகரமும் விதிகளை அடுக்கியது. காரில் போன மருத்துவரும் வழக்கறிஞரும் வங்கி அதிகாரியும் வாழ்க்கையில் முதல்முறையாக நகர நீதிமன்றத்தின் படி ஏறினார்கள். மதிப்புள்ள குடிமக்கள் இத்தனை பேர் விதி மீறியவர்களானதும் படிவங்கள் இளகிக் கொடுத்தன. சிறு போக்குவரத்துக் குற்றங்கள் நீங்கலாக என்ற விலக்கு கேள்வியோடு சேர்ந்துகொண்டது. கூட்டரசின் படிவங்கள் குறிப்பிட்ட டாலர் தொகைவரை உள்ள போக்குவரத்து அபராதத்தை விட்டுவிடலாம் என்றன. மிசூரி பசிபிக் ரயில்வே நிறுவனம் 1948 முதல் கடைப்பிடித்த விதி இதற்குச் சரியான சான்று. போக்குவரத்துச் சிறு மீறலைத் தவிர வேறு எந்தக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றிருந்தாலும் வேலை இல்லை என்றது அது. வேகமாக ஓட்டுவது பிறர் உயிருக்கு ஆபத்து. தெருமுனையில் சும்மா நிற்பதால் யாருக்கும் கேடில்லை. ஆனாலும் முன்னதற்கு மன்னிப்பு அச்சிலேயே ஏறிவிட்டது. பின்னதற்கு யாரும் விலக்கு எழுதவில்லை. காரோட்டியின் பக்கம் சாய்ந்த இந்த அளவுகோல் இன்றுவரை படிவங்களில் நிற்கிறது. அதே காலத்தில் நடந்து போகிறவரின் மேல் புது விதிகள் ஏறின. கண்ட இடத்தில் சாலையைக் கடக்கக் கூடாது என்று 1925-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் கொண்டுவந்த விதி மற்ற நகரங்களுக்கு மாதிரியானது.

கேள்வியின் உச்சக் கொடுமை 1950-களில் வெளிப்பட்டது. 1953-இல் அதிபர் ஐசன்ஹோவர் பிறப்பித்த 10450-ஆம் ஆணை, தன்பால் ஈர்ப்புள்ளவர்களைக் கூட்டரசின் பணியிலிருந்து நீக்க வழிசெய்தது. அவர்களைக் கண்டுபிடிக்க உதவியவை நகரக் காவல்துறையின் சில்லறைப் பதிவுகள்தாம். மதுக்கூடச் சோதனை, பூங்காவில் கைது, ஒழுங்கீன நடத்தை என்ற குற்றச்சாட்டு, சிறு அபராதம். வானியலில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்டம் பெற்ற ஃபிராங்க் கேமினி இரண்டாம் உலகப்போரில் போர்முனையில் இருந்தவர். 1956-இல் சான்பிரான்சிஸ்கோவில் கைதாகி அபராதம் கட்டினார். நன்னடத்தைக் காலம் முடிந்ததும் வழக்கு தள்ளுபடி ஆனது. 1957-இல் ராணுவ வரைபடத் துறையில் சேர்வதற்கான 57-ஆம் எண் படிவத்தில் அந்தக் கைதை அவர் மறைக்கவில்லை. ஒழுங்கீன நடத்தை என்று எழுதினார். குற்றச்சாட்டின் தன்மையைத் திரித்து எழுதிவிட்டார் என்பது அவர்மேல் சுமத்தப்பட்ட காரணங்களில் ஒன்று. அவ்வாண்டு முடிவதற்குள் வேலை போனது. கூட்டரசின் எந்தப் பணியிலும் சேர முடியாதபடி அடுத்த ஆண்டில் தடையும் வந்தது. வானியலாளராக அவர் அதன்பின் வாழவில்லை.

கேமினி வழக்குத் தொடுத்தார். வழக்கறிஞர் கைவிட்டபின் உச்ச நீதிமன்றத்துக்கான மனுவைத் தாமே எழுதினார். 1961-இல் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. அவர் ஓயவில்லை, 1965-இல் வெள்ளை மாளிகையின் முன் மறியல் நடத்தியவர்களில் அவரும் ஒருவர். ஒருவரின் தனிவாழ்க்கை அவருடைய பணித்திறனைக் கெடுக்கிறது என்று காட்டாமல் வேலைநீக்கம் செய்யக் கூடாது என்று 1969-இல் நார்ட்டன் வழக்கில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1975-இல் கூட்டரசின் பணியாளர் ஆணையம் பழைய தடையை விலக்கியது. 2009-இல் பணியாளர் துறையின் தலைவர் அரசின் சார்பில் கேமினியிடம் மன்னிப்புக் கேட்டார். வேலை போய் அப்போது ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் ஆகியிருந்தது.

கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் இதே கேள்வியை வேறு வழியில் நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தது. போராட்டக்காரர்களை அடைக்கத் தென் மாநில நகரங்கள் பயன்படுத்தியவை சாதாரண நகர விதிகளே: அனுமதியின்றி ஊர்வலம், அத்துமீறி நுழைதல், நடைபாதையை மறித்தல். 1963 ஏப்ரலில் பர்மிங்ஹாமில் ஊர்வலம் போன பாதிரியார் ஃபிரெட் ஷட்டில்ஸ்வொர்த்துக்கு ஊர்வல அனுமதி விதியின் கீழ் தண்டனை விழுந்தது. உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்தது 1969-இல். உணவகங்களில் அமர்ந்து போராடிய ஆயிரக்கணக்கான மாணவர்களின் பெயர்களும் காவல் ஏடுகளில் ஏறின. ஆசிரியர் வேலைக்கும் அரசு வேலைக்கும் விண்ணப்பித்தபோது அவர்கள் எதிர்கொண்டது அதே வரிதான்.

நகர நீதிமன்றத்தில் ஒருவர் நிரபராதி என்று நிறுவுவது எளிதல்ல. லூயிவில் நகரின் சிற்றுண்டி விடுதி ஒன்றில் பேருந்துக்காகக் காத்திருந்த சாம் தாம்சன் பாட்டுக்குத் தனியே காலசைத்துக்கொண்டிருந்தார். காவலர் கைதுசெய்தார். காரணமின்றி நின்றதற்கு 10 டாலர், ஒழுங்கீனத்துக்கு 10 டாலர் அபராதம். ஒரு குற்றச்சாட்டுக்கு 20 டாலருக்குக் குறைவான அபராதத்தை எதிர்த்து மாநிலத்தின் எந்த மேல் நீதிமன்றத்துக்கும் போக முடியாது. ஆகவே வழக்கு நேராக வாஷிங்டனின் உச்ச நீதிமன்றத்துக்கே போனது. குற்றத்துக்கு ஆதாரமே இல்லை என்று 1960-இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். இந்தப் பேறு தாம்சனுக்குக் கிடைத்தது. மற்றவர்கள் வேலை கெடுமே என்று அபராதத்தைக் கட்டிவிட்டுப் போனார்கள். அபராதம் மட்டுமே உள்ள வழக்குகளில் அரசு செலவில் வழக்கறிஞர் பெறும் உரிமையும் கிடையாது. அன்று நேரம் மிச்சமாகும் என்று ஒப்புக்கொண்ட குற்றம், பிற்பாடு விண்ணப்பப் படிவத்தில் ஒப்புதல் வாக்குமூலமாக நின்றது.

வேலையற்றுத் திரிவோர் மீதான பழைய விதிகளுக்கு முடிவு வந்தது 1972-இல், ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகர விதியை எதிர்த்த பாபகிரிஸ்டூ வழக்கில். எட்டுப் பேர் சேர்ந்து தொடுத்த வழக்கு அது. காலை ஒன்பது மணிக்குமேல் நகரின் மையத்தில், கார் தரவிருந்த நண்பருக்காகக் காத்திருந்தவர் அவர்களில் ஒருவர். அந்தக் காரில் அவர் போகவிருந்தது ஒரு காய்கனி நிறுவனத்துக்கு, வேலைக்கு விண்ணப்பிக்க. வேலை தேடிப் போனவரை வேலையற்றுத் திரிந்தவர் என்று பிடித்திருந்தார்கள். எது குற்றம் என்று யாருக்கும் விளங்காத விதி, காவலர் வெறுக்கிற எவரையும் பிடிக்கும் கருவியாகிவிடும் என்று நீதிபதி வில்லியம் டக்ளஸ் விளக்கினார். விதி செல்லாது என்று நீதிமன்றம் தீர்த்தது. ஆனால் நகர மன்றங்கள் சும்மா இருக்கவில்லை. குற்றக்கும்பல் உறுப்பினருடன் தெருவில் நின்று, கலையச் சொல்லியும் கலையாதவரைக் கைதுசெய்ய சிகாகோ 1992-இல் விதி போட்டது. மூன்று ஆண்டுகளில் 42,000-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். உச்ச நீதிமன்றம் 1999-இல் அதையும் நீக்கியது.

விதிகள் ஒருபுறம் விழ, கேள்வியின் மீதும் கை விழுந்தது. 1930-களின் வேலைநிறுத்தங்களில் பிடிபட்டு விடுவிக்கப்பட்ட ருடால்ஃப் ஷ்வேர் என்பவர் சட்டம் படித்துவிட்டு நியூமெக்சிகோ வழக்கறிஞர் தேர்வுக்கு விண்ணப்பித்தார். பழைய கைதுகளைத் தாமே எழுதியிருந்தார். நன்னடத்தை இல்லை என்று தேர்வு வாரியம் மறுத்தது. கைது என்பது குற்றத்துக்குச் சான்று ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1957-இல் அவர் பக்கம் நின்றது. 1964-இன் குடிமை உரிமைகள் சட்டம் வந்தபின் வாதம் இன்னும் வலுத்தது. தகடு வேலை தெரிந்த கறுப்பினத் தொழிலாளி ஒருவருக்கு லிட்டன் நிறுவனம் வேலை தருவதாகச் சொன்னது. 14 முறை கைதானதாக அவர் படிவத்தில் உண்மையை எழுதியதும் மறுத்துவிட்டது. அவற்றில் ஒன்றுகூடத் தண்டனையில் முடியவில்லை. கறுப்பினத்தவர் கூடுதலாகக் கைதாகும் நாட்டில் கைதைத் தகுதிக்குறைவாக்குவது இனப் பாகுபாடே என்று 1970-இல் கலிபோர்னியாவின் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மிசூரி பசிபிக்கின் 1948-ஆம் ஆண்டு விதியும் 1975-இல் கிரீன் வழக்கில் வீழ்ந்தது. குற்றத்தின் கனம், கடந்துபோன காலம், வேலையின் தன்மை ஆகியவற்றைப் பார்க்காமல் எல்லோரையும் ஒரேயடியாக விலக்கக் கூடாது என்று அந்தத் தீர்ப்பு வகுத்த அளவுகோலைத்தான் பின்னர் சம வேலைவாய்ப்பு ஆணையம் 2012-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் எடுத்துக்கொண்டது.

மாநிலங்களும் அசைந்தன. தண்டனை பெற்றவருக்குக் காரணமின்றி வேலை மறுப்பதை நியூயார்க் 1976-இல் சட்டம் போட்டுத் தடுத்தது. மாசச்சூசெட்ஸ் சட்டம் இந்த வரிசையில் தனித்து நிற்கிறது. முதல்முறை குடிபோதை, சாதாரணக் கைகலப்பு, வேகமாக ஓட்டுதல், சிறு போக்குவரத்து மீறல், அமைதிக்குலைவு ஆகியவற்றை முதலாளி கேட்கவே கூடாது என்று அது பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. காரோட்டியின் தவறையும் தெருவில் நிற்பவரின் தவறையும் ஒரே வரியில் வைத்த சட்டம் அது. நியூஜெர்சியில் நகர விதி மீறலின் பதிவை இரண்டு ஆண்டுகளுக்குப் பின் நீதிமன்ற ஆணை பெற்று அழிக்கலாம்.

எதிர்த் திசையிலும் ஒரு காற்று வீசியது. நீதிமன்ற ஏடுகள் கணினிக்கு ஏறின; அவற்றைத் திரட்டி முதலாளிகளுக்கு விற்கும் பின்னணிச் சோதனை நிறுவனங்கள் பெருகின. 1970-இன் நியாயக் கடன் தகவல் சட்டம் ஏழு ஆண்டுக்கு முந்தைய விவரங்களைத் தரக் கூடாது என்றது. 1998-இல் வந்த திருத்தம் தண்டனைகளுக்கு அந்த வரம்பை எடுத்துவிட்டது. ஊர் மாறினால் மறைந்துபோன பழைய அபராதம் இப்போது எங்கும் தேடினால் கிடைத்தது.

விண்ணப்பப் படிவத்தில் இந்தக் கேள்விக்குக் குறியிடும் கட்டத்தையே அகற்றும் முயற்சி ஹவாயில் 1998-இல் தொடங்கியது. வேலை தருவதாக முதலாளி சொன்ன பிறகுதான் தண்டனை பற்றிக் கேட்கலாம் என்று அந்த மாநிலம் விதித்தது. சிறையிலிருந்து வந்தவர்கள் சேர்ந்து கலிபோர்னியாவில் நடத்திய இயக்கம் 'கட்டத்தை நீக்கு' என்ற முழக்கத்தை நாடெங்கும் பரப்பியது. மின்னசோட்டா 2013-இல் தனியார் நிறுவனங்களையும் இதில் சேர்த்தது. நியூயார்க் நகரம் 2015-இல். நியூயார்க் நகர மன்றம் இன்னொரு படியும் போனது. குப்பை போடுதல், பொது இடத்தில் சிறுநீர் கழித்தல், தெருவில் மது அருந்துதல் போன்ற மீறல்களைப் பெரும்பாலும் குற்ற நீதிமன்றத்திலிருந்து எடுத்து நிர்வாகத் தீர்ப்பாயத்துக்கு மாற்றும் சட்டத்தை 2016-இல் நிறைவேற்றியது. படிவக் கேள்வியைத் திருத்துவதைவிட, கேள்வியில் சிக்கக்கூடிய பதிவே உருவாகாமல் தடுப்பது மேலான வழி.

மிசூரியின் ஃபெர்குசனில் நடந்தது பற்றிக் கூட்டரசின் நீதித் துறை 2015 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை இதைத் தெளிவாக்கியது. சுமார் 21,000 பேர் வாழும் அந்த ஊரின் நீதிமன்றத்தில் 16,000-க்கும் மேற்பட்டோர் மீது கைது ஆணை நிலுவையில் இருந்தது. ஊரின் பொது வருவாயாக எதிர்பார்த்த ஏறத்தாழ 1 கோடியே 33 லட்சம் டாலரில் 30 லட்சத்துக்கும் மேல் அபராதத்திலிருந்து வரவேண்டும் என்று நிதியறிக்கை போட்டிருந்தார்கள். சாலையில் நடந்த விதம் சரியில்லை என்ற குற்றச்சாட்டில் சிக்கியவர்களில் 95 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். மக்கள்தொகையில் அவர்கள் பங்கு 67 விழுக்காடு. 2012-இல் பூங்காவில் கூடைப்பந்து ஆடிவிட்டு, நிறுத்திய காருக்குள் அமர்ந்து இளைப்பாறிய ஒரு கறுப்பின இளைஞர்மேல் காவலர் எட்டு நகர விதிகளின் கீழ் வழக்குப் பதிந்தார். நின்ற காரில் இருக்கைப்பட்டை அணியவில்லை என்பது ஒன்று. பெயரைச் சுருக்கிச் சொன்னது பொய்த் தகவல் என்பது இன்னொன்று. கூட்டரசின் ஒப்பந்தப் பணியில் பல ஆண்டுகள் இருந்த அவர், இந்த வழக்குகளால் வேலை போனது என்று விசாரணை அதிகாரிகளிடம் சொன்னார்.

கூட்டரசின் நியாய வாய்ப்புச் சட்டம் 2019-இல் நிறைவேறி 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி கூட்டரசின் துறைகளும் அவற்றின் ஒப்பந்தக்காரர்களும் நிபந்தனையோடு வேலை தர முன்வந்த பிறகே குற்றப் பின்னணியைக் கேட்கலாம். பாதுகாப்பு அனுமதி தேவைப்படும் பணிகளுக்கு விலக்கு உண்டு. கேள்வி இடம் மாறியதே தவிர மறையவில்லை. 306-ஆம் எண் உறுதிமொழிப் படிவம் கடந்த ஏழு ஆண்டுகளில் பெற்ற தண்டனைகளைக் கேட்கிறது. பெருங்குற்றம், சிறுகுற்றம், மற்ற எல்லாக் குற்றங்களும் என்கிறது. 300 டாலர்வரையான போக்குவரத்து அபராதத்தை எழுத வேண்டாம் என்று சலுகை தருகிறது. புல்லுக்கோ சத்தத்துக்கோ தெருமுனையில் நின்றதற்கோ கட்டிய அபராதத்துக்கு, தொகை எவ்வளவு குறைவாக இருந்தாலும், அத்தகைய சலுகை எதுவும் அதில் அச்சாகவில்லை. தெரிந்தே பொய் எழுதினால் கூட்டரசுக் குற்றவியல் சட்டத்தின் 1001-ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டுவரை சிறை உண்டு.